முதல் குடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதை முதலில் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. அந்த ஊரின் குடிதண்ணீர்த் தொட்டி பல வருடங்களாக என் கையில் இருக்கிறது. மோட்டார் போடுவது, தொட்டியை நிரப்புவது, மருந்து கலப்பது, தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது எல்லாம் நான்தான். பஞ்சாயத்துக் காகிதத்தில் இந்த வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர் வாயில் நான் டேங்க் அக்கா.

ஆம்பிளை பார்க்கிற வேலையை இவள் எப்படிப் பார்ப்பாள் என்று ஆரம்பத்தில் பேசினார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இரும்பு ஏணியில் ஏறுவதை டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தூணில் பெயிண்டால் எழுத வேண்டும். கழுவாமலே தேதியை மட்டும் மாற்றி எழுதுகிற மகராசன்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிவிட்டு இறங்குகிறவளும் இல்லை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும்தான் தொட்டிக்குள் ஊற்றுவேன். அரை மணி நேரம் கழித்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, அதற்கென்று கொடுத்திருக்கிற சொட்டு மருந்தை விட்டுப் பார்ப்பேன். மஞ்சள் நிறம் வந்தால் மருந்து சரியாகக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் வராத தண்ணீரை நான் ஊருக்குத் திறந்துவிட்டதே கிடையாது. இதில் எனக்குத் திமிர் நிறையவே இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

எங்கள் பக்கம் நிலத்தைத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். அதனால் குடிக்கிற தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியாக வருகிறது. வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் கொடுத்ததுபோக மிச்சம்தான் எங்களுக்கு. அதைத் தொட்டிக்கு ஏற்றி, காலையில் ஒவ்வொரு தெருவுக்கும் கொஞ்ச நேரம் விடுவேன். ஊரோ தோசைக்கல் மாதிரி மட்டமான ஊர். தண்ணீருக்கு வேகமே இருக்காது. தெருவின் முன்பக்கத்து வீடுகளில் நாலு குடம் நிறைந்திருக்கும், கடைசி வீடுகளில் குழாய் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். என் வீடு அந்தக் கடைசியில் இருக்கிறது.

ஊருக்கே தண்ணீர் திறக்கிறவள் வீட்டில் குடம் காலி. நான் தொட்டியடியில் நிற்கிற நேரத்தில்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் போகும். வீட்டுக்காரர் விடிந்ததும் குத்தகை வயலுக்குப் போய்விடுவார். நான் குடிப்பதற்குத் தொட்டியடியிலேயே பிடித்துக்கொள்வேன், வீட்டுக்கு என்ன செய்வது? ஒரு கோடையில் எனக்குப் பொறுக்கவில்லை, கடப்பாரையை எடுத்தேன். வாசலில் குழாய் நிற்கிற இடத்தில் இரண்டரை அடிக்குப் பள்ளம் தோண்டி, குழாயை அறுத்து, அதன் வாயைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டேன். குழாயின் வாய் தாழ்ந்திருந்தால் மற்ற வீடுகளுக்கு முன்னால் நமக்குத் தண்ணீர் விழும். பள்ளத்துக்குள் குடத்தை வைத்துவிட்டுப் போனால் அது பாட்டுக்கு நிறையும்.

நிறைந்தது. எதிர்வீடு பார்த்தது, பக்கத்து வீடு பார்த்தது. இரண்டே மாதத்தில் எங்கள் தெருவில் பள்ளம் இல்லாத வீடு இல்லை. எல்லாரும் தோண்டிய பிறகு யாருக்கும் முன்னால் விழவில்லை, பழைய கதைதான். ஆனாலும் யாரும் மூடவில்லை. மூடுகிற வீட்டுக்குச் சுத்தமாகத் தண்ணீர் வராதே. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு தடவை இது என்ன அசிங்கம் என்று கேட்டதற்கு, "டேங்க் அக்கா வீட்டுலயே இருக்குதுங்க, அவங்களுக்குத் தெரியாததா" என்று தெருவில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டு மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான், வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும்தான். என்னைக் கிண்டல் செய்ய ஊரில் தைரியம் உள்ள ஒரே ஆள் அவள். "அக்கா, நீங்க தெருமுனையில வர்றப்பவே உங்க சத்தம் எங்க வீட்டுக்கு வந்து உக்காந்துக்குது" என்பாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவள் அப்படிப் பேசினால் கோபம் வருவதற்குப் பதில் மனசு குளிர்ந்துபோகும். நான் சொல்கிற வருடத்து மழைக்காலத்தில் அவள் ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள்.

மாமியார் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார், அதில் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் காலையில் குழாயில் விழுகிற முதல் குடத்தைத் தனியாக வைப்பார்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, முதல் தண்ணீரை அதில் பிடித்து, சாமி மாடத்துக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்த வழக்கம் உண்டு, என் வீட்டிலும் உண்டு. மருமகள் உண்டானதிலிருந்து அந்த வீட்டில் முதல் குடம் சாமிக்கும் அவளுக்கும் என்று ஆனது. "மொதத் தண்ணி யார் கையும் படாத தண்ணி. வயித்துல இருக்கற புள்ளைக்கு அதான் நல்லது" என்று மாமியார் சொல்வார். இரண்டாவது, மூன்றாவது குடம்தான் தனக்கும் சமையலுக்கும். மருமகள் வேறு தண்ணீரைத் தொட்டால்கூட விட மாட்டார்.

அந்த வருடம் புரட்டாசியில் என் வீட்டுக்காரர் பத்து நாள் சோர்ந்து கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. உடம்புச் சூடு என்று சொல்லி இளநீராகக் குடித்தார், சரியாகிவிட்டது, மறுபடி வயலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால், வயல், வாசல் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. குழாய்ப் பள்ளங்கள் நிரம்பி, குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிப்போனது. காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்குப் பள்ளத்தை இறைத்துவிட்டுக் குடத்தை வைத்தோம். மழைத் தண்ணீர்தானே, இதில் என்ன என்று நினைத்தோம்.

கார்த்திகை பிறந்ததும் எங்கள் தெருவில் ஒருவர் பின் ஒருவராகக் கண் மஞ்சளாகிப் படுத்தார்கள். காமாலை. எங்கள் ஊர் நர்ஸ் வீடு வீடாக வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், மெதுவாகப் பேசுவாள். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவள் எதிர்வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். மருமகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தன நாளா வாந்தி?"

"நாலு நாளா. மசக்கையா இருக்கும்னு அத்தை சொன்னாங்க."

"ஏழு மாசத்துல என்னம்மா மசக்கை" என்று சொல்லிவிட்டு என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். "மத்தவங்க காமாலைன்னா ரெண்டு மூணு வாரத்துல எந்திரிச்சுடுவாங்க. மாசமா இருக்கறவங்களுக்கு அப்படி இல்லீங்க. தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. இன்னைக்கே திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். அந்தம்மா என் பேச்சக் கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

உள்ளே போனேன். மாமியார் அதற்குள் கீழாநெல்லி பறித்துவர ஆள் அனுப்பிவிட்டிருந்தார். காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது, கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து உப்பில்லாமல் பத்தியம் வைத்தால் போதும், நிறைமாதம் நெருங்குகிற பெண்ணை ஆட்டி அலைக்கழிக்கக் கூடாது என்று சாதித்தார்.

"பெரியம்மா, நாளைக்கு உங்க மவன் போன் பண்ணி எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா, கீழாநெல்லியவா காட்டுவீங்க?"

"வாயக் கழுவு. வெளக்கு வெக்கிற வீட்ல என்ன பேச்சு பேசுற நீ?"

"கழுவிக்கறேன். மொதல்ல அவள வண்டில ஏத்துங்க. ஏத்தலன்னா இந்த எடத்த விட்டு நகர மாட்டேன், தெருவையே கூட்டுவேன்."

என் சத்தத்துக்குத் தெருவும் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் மாமியார் இறங்கி வந்தார். ஆம்புலன்சில் ஏறும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது. "அக்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, நான் சொல்கிறேன் என்றேன். நான் சொன்னால் நடக்கும் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

அன்றைக்குப் பூராவும் நான்தான் கத்தி அனுப்பினேன், இல்லாவிட்டால் அந்தப் பெண் கதி என்ன என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் காலையில் நர்ஸ் தொட்டியடிக்கு வந்து, தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"என் தண்ணியவா?"

"எல்லாத்தையும் பாக்கறோம்க்கா. உங்க தண்ணியையும் பாப்போம்."

பாருங்கள் என்று கண்ணாடிக் குழாயை எடுத்து நானே பிடித்துக் கொடுத்தேன். சொட்டு விட்டதும் நல்ல மஞ்சள். இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல நின்றேன். அவள் எங்கள் தெருவின் கடைசிக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். என் வீட்டுக் குழாயில் அப்போதுதான் விழுந்த தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டாள். நிறமே வரவில்லை, வெறும் தண்ணீராக அப்படியே இருந்தது. எதிர்வீட்டிலும் அதேதான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி பார்த்தால் லேசாக மஞ்சள் வந்தது.

"தொட்டில இருக்கற மருந்து இங்க வர்றதுக்குள்ள காணாமப் போகுது. நடுவுல என்னமோ கலக்குது. இந்தப் பள்ளமாத்தான் இருக்கும்" என்று என் வாசலைக் காட்டினாள். வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கிற தண்ணீர் தாழ்வான பக்கம் வடிந்துவிடும், அப்படிக் காலியாகிற குழாய் வெளியிலிருந்து காற்றை இழுக்கும், வாய் மூழ்கிக் கிடந்தால் காற்றுக்குப் பதில் பள்ளத்துத் தண்ணீரை இழுக்கும் என்று அவளுக்கே உரிய அந்த மெதுவான குரலில் விளக்கினாள். அடுத்த நாள் காலையில் முதலில் வந்து விழுவது அதுதான் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நேற்று வந்த நீ எனக்குத் தண்ணீர் பாடம் எடுக்கிறாயா என்றேன். குழாயிலிருந்து தண்ணீர் வெளியேதான் வரும், உள்ளே எப்படிப் போகும் என்றேன். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆள் சேர்ந்தால் எனக்குக் குரல் இன்னும் ஏறும். வீட்டுக்குள் போய், வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்துவந்து, முழுப் பாட்டிலையும் என் பள்ளத்தில் கவிழ்த்தேன். பள்ளத்துத் தண்ணீர் மை மாதிரி ஆனது.

"எல்லாரும் பாத்துக்குங்க. இப்ப போய் வால்வ மூடப் போறேன். நாளைக்குக் காலையில எந்த வீட்டுக் குழாயிலயாவது ஒரு துளி நீலம் வந்துச்சுன்னா, நான் இந்த வேலையே பாக்கல. வரலன்னா நர்ஸம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

நர்ஸ் என்னை வருத்தமாகப் பார்த்தாள். கேட்கிறேன் என்றாள்.

மறுநாள் வால்வைத் திறக்க வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு நான் தெருவிலேயே நின்றேன். என் பள்ளத்தில் நீலத் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. மண் குடித்திருக்கும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆஸ்பத்திரியில் மருமகளோடு அவள் அம்மா இருந்ததால், எதிர்வீட்டு மாமியார் முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். சாமிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டுமே. அவர் பள்ளத்தை நானே வாளியால் சுத்தமாக இறைத்துவிட்டு, அந்தப் பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். குழாய் முதலில் காற்றை ஊதியது. அப்புறம் இரண்டு தடவை துப்பியது. அப்புறம் தண்ணீர் வந்தது.

நீலமாக வந்தது. தேய்த்து வைத்த பித்தளைக்குள் அந்த நீலம் நன்றாகவே தெரிந்தது.

நான் குடத்தையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். பாதிக் குடம் நிறைவதற்குள் நீலம் வெளுத்து, மீதி சாதாரணத் தண்ணீராக வந்தது. இரண்டாவது குடத்தில் ஒன்றுமே இல்லை. மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தினமும் அந்த முதல் குடத்தை யாருக்குக் கொடுத்தோம் என்று அவருக்கு உறைத்த நேரத்தில்தான் எனக்கும் உறைத்தது.

நர்ஸ் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க வீட்ல முன்னாடி யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாம இருந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் வீட்டுக்காரர் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பியிருந்தார். "புரட்டாசில எனக்குத்தான். ஒண்ணுக்கு மஞ்சளாப் போச்சு. சூடுன்னு நெனச்சேன்" என்றார். எங்கள் கக்கூஸ் தொட்டிக்கும் வாசல் பள்ளத்துக்கும் நடுவில் ஏழெட்டு அடிதான். மழையில் இரண்டும் ஒரே தண்ணீராகத்தான் கிடந்தது. ஊர்த் தண்ணீருக்கு மருந்து போடுகிறவள் வீட்டிலிருந்துதான் ஊருக்கு நோய் போயிருக்கிறது. நான் தொட்டியடியிலேயே பிடித்துக் குடித்ததால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அதை நினைத்தபோது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானத்துக்குள் என் பள்ளத்தை மூடினேன். கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி, மிதித்து, குழாயை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, திறந்து மூட ஒரு திருகு போட்டேன். சாயங்காலம் பஸ் பிடித்துத் திருவாரூர் போனேன். வேலையை விடுகிறேன் என்று வாய் விட்டிருந்தேனே, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் விடவில்லை. ஓடிப்போவது சுலபம், அது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண், நகம் எல்லாம் மஞ்சள். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதாக அவள் அம்மா சொன்னார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில், நேராகச் சொன்னேன்.

"எம் பள்ளத்துத் தண்ணிதான் உன் குடத்துக்கு வந்துருக்கு. நீலம் போட்டுப் பாத்துட்டேன். என்னாலதான் உனக்கு இது."

அவள் என்னைப் பார்த்தாள். "தண்ணி தொறக்கறவங்க நீங்க. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு சோர்வு.

"தெரியல. தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கவும் இல்ல."

மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள் கையை லேசாகத் தூக்கி நிறுத்தினாள்.

"மத்தவங்க வீட்டுப் பள்ளமெல்லாம் மூடியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க என்ன பண்றீங்க? போய் மூட வைங்க. நான் பொழச்சு வந்தா அந்தத் தெருவுலதான் என் புள்ள வளரணும். ஒரு பள்ளம் இருந்தாலும் நான் வர மாட்டேன்."

பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படி விரட்டியதில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அடுத்த வாரமே அவளுக்கு வலி எடுத்து, எட்டாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. கையளவுதான் இருந்தது என்றார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய்க்கு இரத்தம் நிற்காமல் இரண்டு நாள் எல்லாரும் கதிகலங்கிப் போனோம். நான் சாமி மாடத்தின் முன்னால் உட்கார்ந்து எதுவும் கேட்க வாய் வராமல் எழுந்து வந்தேன். இரண்டு உயிரும் பிழைத்தன. அங்கிருந்து அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் சொன்ன வார்த்தை மட்டும் என்னிடம் இருந்தது.

பள்ளங்களை மூட வைக்க முதலில் எனக்குத் தெரிந்த வழியில்தான் இறங்கினேன், வாசல் வாசலாக நின்று கத்தினேன். "மொதல்ல தோண்டுனது யாரு?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். நான்தான். "மூடுனா எங்களுக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டார்கள். வராது. கத்தி ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றலாம், ஒரு தெருவையே ஏற்ற முடியாது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

வீட்டுக்காரர்தான் சாப்பிட்டுக்கொண்டே வழி சொன்னார். "வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சா என்ன செய்யறோம்? முறை வைக்கறோம். மேமடைக்காரன் மடைய அடச்சுக்கிட்டு, கடைமடைக்கு மொதல்ல விடறான். குழாய்க்கும் அதையே வச்சா என்ன?"

அட, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஆத்திரமாக வந்தது. மறுநாளே தெருவைக் கூட்டி மூன்று பாகமாகப் பிரித்தேன். எல்லா வீட்டுக் குழாயும் முழங்கால் உயரம், எல்லாவற்றுக்கும் திருகு. முதல் முறை கடைசி வீடுகளுக்கு, அந்த நேரத்தில் மற்றவர்கள் திருகைத் திறக்கக் கூடாது. அடுத்து நடு வீடுகள், அப்புறம் முன் வீடுகள். வயலில் முறை தப்பினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முதலில் விழுகிற தண்ணீரைக் குடிக்க வேண்டாம், செடிக்கு ஊற்றுங்கள், சாமிக்கு இரண்டாவது குடம் போதும் என்று நர்ஸ் சொன்னாள். சாமி கோபித்துக்கொள்ளாது, கோபித்தால் என்னிடம் அனுப்புங்கள் என்று நான் சொன்னேன். தெருவே சிரித்தது. நர்ஸிடம் அன்றைக்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் விடாமல், "கேக்கல, சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றாள். சத்தமாகவே சொன்னேன்.

முறை வைத்த முதல் நாள் கடைசி வீட்டில் ஐந்து குடம் நிறைந்தது. அதைப் பார்த்த பிறகு பேச்சே தேவைப்படவில்லை. தை பிறப்பதற்குள் ஒவ்வொரு வாசலிலும் மண் விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு பள்ளம் மிச்சம் நின்றது, எதிர்வீட்டுப் பள்ளம்.

மாமியார் அசையவில்லை. நான் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் கதவைச் சாத்தினார். நாலாவது தடவை கத்தாமல் வாசற்படியில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவரே வெளியே வந்தார். "இத மூடிட்டா, நான் ஊத்துன தண்ணிலதான் எம் மருமவளுக்கு வந்துச்சுன்னு ஆயிடும்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பள்ளம் தோண்டுனவ நான். நல்ல மனசோட குடம் புடிச்சவங்க நீங்க. அவளுக்கு நம்ம ரெண்டு பேர் மேலயும் கோவம் இருக்கும் பெரியம்மா, இருக்கட்டும். மூடலன்னா பேத்தி இந்த வீட்டுக்கு வராது."

அவர் உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தார். அவர் வெட்டிக் கொடுத்தார், நான் சுமந்து கொட்டினேன். முடிந்ததும் திருப்பனந்தாளுக்குப் போன் போட்டு, தெருவில் ஒரு பள்ளமும் இல்லை என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

பங்குனியில் அவள் வந்தாள். தோளில் குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. வீட்டுக்குள்கூடப் போகாமல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து ஒவ்வொரு வாசலையும் பார்த்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் முறை வந்ததும் கண்ணாடிக் குழாயையும் சொட்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். முதல் வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தண்ணீர் பிடித்தேன். சொட்டு விடப்போனபோது அவள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"குடுங்க, நான் விடறேன். உங்க பேச்ச இனிமே நம்ப முடியாது. கலர நம்பறேன்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு கை பார்த்திருப்பேன். எத்தனை சொட்டு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அவள் விட்டு, ஆட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் வந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க குடிங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அவள் காலி டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் குழாயடியில் குடத்தை வைத்தாள்.